பக்கத்தின் கடைசி வரி

இ. ம. சூ.
பூன் லே
4 ஜூலை 1988, திங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு, பிலோமி எழுதுவது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால் போடுகிறாளே என்று சிரிப்பீர்கள். போன் செய்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். நேற்று லூர்து மாதா கோயில் வாசலில் நடந்ததே போதும். பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். "பத்து வருஷம் மைக்ராஸ்கோப்ல கம்பி ஒட்டினவளுக்கு கம்ப்யூட்டர் அவ்ளோ சுலபமா ஏறுமா லா" என்று நீங்கள் சொன்னது அவர்களுக்கும் கேட்டிருக்கும். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்ல நீங்கள் விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆபீசில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போன புதன்கிழமை முதல் வேலை கொடுத்தார்கள். ஒரு கிடங்கில் என்ன சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று பட்டியல் காட்ட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வகுப்பில் செய்த மாதிரியே செய்தேன். முதல் வரியில் திரை வேலைக்கான கோனியோவைச் சேர்த்தேன். திரையைத் துடைத்தேன், பெட்டி வரைந்தேன், தலைப்பை மஞ்சளில் போட்டேன். அறுபத்தொரு வரி. ஓட்டினால் நாற்பத்து மூன்று பிழை வந்தது.

இங்கே இருப்பது நம் வகுப்பில் இருக்கிற மாதிரி மேசைக் கம்ப்யூட்டர் இல்லை. பெரிய மெஷின் ஒன்று குளிர்ந்த அறையில் இருக்கிறது. நாங்கள் எட்டுப் பேர் ஆளுக்கொரு டெர்மினலில் உட்கார்ந்து அதோடு பேசுகிறோம். பச்சை எழுத்து மட்டும்தான். சுந்தரம் சார் என்று ஒருவர் எங்களுக்கு மேலே. நேர்முகத்தன்று அவர் லீவு, மேனேஜர்தான் என் சான்றிதழைப் பார்த்து எடுத்தார். சுந்தரம் சார் என் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்: "ஏம்மா, இந்த கோனியோ எல்லாம் சி மொழியிலயே கிடையாதே. அந்த ஒரு கம்பைலர்காரன் தன் வசதிக்குப் போட்டது. யார் சொல்லிக் கொடுத்தா?"

உங்கள் பேரைச் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசி வரை பார்ப்பார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் வேலை இல்லை. ஃபாக்டரியில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தானே வந்தேன். எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிலோமி


ஜாலான் புசார்
8 ஜூலை 1988

தங்கை பிலோமிக்கு,

உன் கடிதத்தைக் கீழே ஹார்டுவேர் கடைக்காரர் வாங்கி, ஆணிப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டி மேலே அனுப்பிவிட்டார். பிரிக்கும்போதே குத்தியது. உள்ளே இருந்ததும் அப்படித்தான்.

கோயில் வாசலில் நான் பேசியது தப்பு. வாய் முந்திக்கொண்டது. ஆனால் நீ என்ன சொன்னாய்? "நீங்க சொல்லித் தந்தது சி-யே இல்லையாம்" என்றாய். ஃபாதர் பக்கத்தில் நிற்கிறார். மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?

எண்பத்தைந்தில் கப்பல் பட்டறையில் என் சீட்டைக் கிழித்த பிறகு, இரவல் கம்ப்யூட்டரில் இரவல் புத்தகம் வைத்து நானே படித்தது இது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கு நாலாவது பேட்ச் நடக்கிறது. பதினாறு பேர். நின்றுகொண்டு பாடம் கேட்கிறார்கள், நாற்காலி போதவில்லை. அவர்கள் எல்லாரும் முட்டாளா? உன் பேர் நடுத்திரையில் சிவப்பில் மினுங்கியபோது நீ கைதட்டினாயே, அது சி இல்லாமல் சுண்டைக்காயா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எழுதக் கை வருகிறது. எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

உங்கள் ஆபீசில் புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் பழசாக இருக்கும். அதுதான் விஷயம். நம்முடையதை இதோடு ஒரு டிஸ்க்கில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, மடக்காதே என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறேன். உன் சுந்தரத்திடம் கொடு. போட்டுப் பார்த்தால் தெரியும்.

சாப்பிடு. உன் அண்ணி கேட்டாள்.

சிலுவைராஜ்


பூன் லே
18 ஜூலை 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

டிஸ்க் மடங்காமல் வந்தது. ஆனால் அந்த மெஷினில் அதைப் போட வாயே இல்லை. சுந்தரம் சார் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார். சிரித்தார். கேலி இல்லை. கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது.

என் அறுபத்தொரு வரியிலிருந்து கோனியோ சம்பந்தப்பட்டதை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். ஒன்பது வரி மிஞ்சியது. தொடங்கு, இரண்டு எண்ணை வை, கூட்டு, முடி. ஏழு மாதம் படித்ததில் எனக்கு இவ்வளவுதான் தெரியும் போல.

சரக்கு விவரம் ஒரு ஃபைலில் இருக்கிறது. அதைத் திறந்து வரி வரியாகப் படிக்க வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் நாம் ஃபைலைத் தொட்டதே இல்லை. பெட்டி வரைந்தோம், நிறம் மாற்றினோம், ஸ்பீக்கரில் சத்தம் எழுப்பினோம். கடைசியில் திரை மறையாமல் நிற்க, கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டும்வரை காத்திரு என்று எழுதினோம். இங்கே யாரும் காத்திருக்கச் சொல்வதில்லை, முடிந்தால் முடிந்ததுதான். ஆனாலும் பழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் நான் ஒரு சாவியைத் தட்டிவிட்டுத்தான் எழுகிறேன்.

பக்கத்து வீட்டு ஆமினா பீவி ஃபாக்டரியில் என் மேசைக்கு எதிர் மேசை. நேற்று மீன் சம்பல் கொண்டுவந்தாள். "புது வேலை எப்படி லா? ஏர்கான்ல உக்காந்து கலரா ஆயிட்டியே" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். சம்பல் உறைப்பாக இருந்திருக்க வேண்டும், அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு உறைப்பு ஒன்றும் தெரியவில்லை. அழுகையாவது வருமா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

பிலோமி


ஜாலான் புசார்
23 ஜூலை 1988

பிலோமி,

இப்படி எழுதாதே. நீ திட்டினால் திருப்பித் திட்டுவேன், எனக்கு அது தெரியும். இதற்கு என்ன எழுதுவது?

ஒரு வழி சொல்கிறேன். எந்த ஆபீசிலும் டைப்பிஸ்ட்டிடம் நம் மாதிரி மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதில் உட்கார்ந்து நம் டிஸ்க்கைப் போடு. சரக்கு விவரத்தை நீயே புரோகிராமுக்குள் அடித்துவிடு. பெட்டி, மஞ்சள் தலைப்பு எல்லாம் வைத்துப் பளிச்சென்று செய். சுந்தரத்தை விடு, நேராக மேனேஜருக்குக் காட்டு. மேனேஜர் கண்ணுக்கு நிறம்தான் தெரியும். பிழைக்கத் தெரிய வேண்டும்.

சிலுவைராஜ்


பூன் லே
16 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன்.

மேனேஜருக்குப் பிடித்திருந்தது. என் தோளைத் தட்டினார். தேசிய தினத்துக்கு மறுநாள் கிடங்குக்காரர்களையே கூப்பிட்டுவிட்டார். அவர்களிடம் இருப்பதும் பெரிய மெஷின்தான். அதனால் ஆபீஸின் பெரிய மெஷினில் ஓட்டிக் காட்டு என்றார். சுந்தரம் சார் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் என்ன சொல்லிச் சமாளிப்பது? அடித்தேன். நாலு பேர் பின்னால் நிற்க, பிழைகள் வரிசையாக இறங்கின. திரை நிரம்பி மேலே ஓடியது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

மேனேஜர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேறு ஒன்று சொல்ல வேண்டும். சுந்தரம் சார் அறையில் அலமாரி இருக்கிறது. போன சனிக்கிழமை அதில் நம் புத்தகத்தைப் பார்த்தேன். நீங்கள் ஃபோட்டோகாப்பி எடுத்து எங்களுக்குத் தந்தீர்களே, அதே புத்தகம். அசல். ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டளை. அட்டைப் படம்கூட அதேதான்.

அண்ணே, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு வரி இருக்கிறது. நம் பிரதியில் அது இல்லை. இந்தக் கட்டளை எங்கெங்கே ஓடும் என்று அந்த வரி சொல்கிறது. திரையைத் துடைக்கிற கட்டளைக்கு அடியில், இந்தக் கம்பைலரில் மட்டும், மற்ற இடங்களில் கிடையாது என்று போட்டிருக்கிறது. பெட்டிக்கு இடம் குறிக்கிறதுக்கும் அப்படித்தான். சாவிக்குக் காத்திருப்பதற்கும் அப்படித்தான். எதையும் அவர்கள் மறைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் பார்த்தேன். பிறகு புரிந்தது. ஃபோட்டோகாப்பி கடையில் தாள் சின்னது, புத்தகம் பெரிசு. அடியில் ஒரு வரி வெட்டுப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. நீங்களும் இரவல் பிரதியில்தானே படித்தீர்கள், உங்களுக்கும் தெரிந்திருக்காது. உங்கள்மேல் தப்பில்லை. அன்றைக்குக் கோயில் வாசலில் நான் சொன்னதை மன்னித்துவிடுங்கள்.

இப்போது இருக்கிற பதினாறு பேரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. சுந்தரம் சார் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைப் பார்க்க விடுகிறார். ஃபைல் திறக்க இப்போது வருகிறது.

பிலோமி


ஜாலான் புசார்
22 ஆகஸ்ட் 1988

பிலோமி,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உங்கள்மேல் தப்பில்லை என்று நீ எழுதியிருக்காவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன். அப்படியே விட்டிருப்பேன்.

அந்த வரியைக் கடைக்காரர் வெட்டவில்லை. நான் மறைத்தேன்.

முதல் பேட்சில் அப்துல் காதர் என்று ஒருவர் படித்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அப்போது பிரதியில் அந்த வரி இருந்தது. அவர் எழுந்து கேட்டார்: "சார், கீழ என்னமோ போட்டிருக்கே, இந்த கம்பைலர்ல மட்டும்தான்னு. அப்ப வேற மெஷின் இருக்கிற இடத்துக்குப் போனா நாங்க என்ன செய்றது?" எனக்கு என்ன தெரியும்? நான் வேறு மெஷினைக் கண்ணால் பார்த்ததே இல்லை. "போறப்ப பாத்துக்கலாம் லா, முதல்ல கிரேனை விட்டு இறங்குங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

இரண்டாவது பேட்சுக்குப் பிரதி எடுக்கும் முன்னால், பழைய காலண்டர் தாளைப் பட்டை பட்டையாக வெட்டினேன். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி என் பிரதியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒட்டினேன். நூற்று நாற்பத்திரண்டு பக்கம். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. உன் அண்ணி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்றேன்.

பயம் ஒரு காரணம். கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அது மட்டும் இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. நம் வகுப்பிலிருந்து யாரும் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை என்று நினைத்தேன். பேர் மினுங்கும், கைதட்டுவார்கள், சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள், மறுநாள் பழைய வேலைக்கே போவார்கள். போகாத ஊருக்கு வழி எதற்கு?

உன்னையும் சேர்த்துத்தான் அப்படி நினைத்தேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று நீ வந்து சொன்ன அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ ஃபாக்டரியில் இன்னும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. நான் கேக் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கோயில் வாசலில் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

சிலுவைராஜ்


பூன் லே
29 ஆகஸ்ட் 1988

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது.

கோபமா என்று கேட்பீர்கள். தேடிப் பார்த்தேன், இல்லை. எங்கேயோ இருக்கும். ஊசி போட்ட பிறகு பல் பிடுங்குவார்களே, அப்படி இருக்கிறது. இழுப்பது தெரிகிறது.

காலையில் பஸ் ஏறுகிறேன், சாயங்காலம் இறங்குகிறேன். வேலை நடக்கிறது.

பதினாறு பேரிடம் சொன்னீர்களா என்று எழுதவில்லையே.

பிலோமி


ஜாலான் புசார்
17 செப்டம்பர் 1988

பிலோமி,

உன் எட்டு வரிக் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நீ கேட்ட ஒரே கேள்விக்கு ஆம் என்று எழுத முடிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சொல்லிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை. பலகையில் ஒன்றும் எழுதாமல் நின்றுகொண்டு சொன்னேன். இங்கே நான் காட்டியதில் பாதிக்குமேல் இந்த அறையைத் தாண்டினால் ஓடாது என்றேன். என் தங்கை ஒரு ஆபீசில் நாலு பேர் முன்னால் நின்றாள் என்றேன். ஒருத்தரும் திட்டவில்லை. பைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். நாற்காலி இப்போது போதுகிறது.

அசலைத் தேடினேன். இரவல் கொடுத்த நண்பர் ஆஸ்திரேலியா போய்விட்டார். என்னிடம் இருப்பது பட்டை ஒட்டிய பிரதிதான். சுரண்டிப் பார்த்தேன். பசை நல்ல பசை, எழுத்தும் சேர்ந்து வருகிறது. எது எங்கே ஓடும் என்று அந்த ஏழு பேருக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

புதன்கிழமை ஜூரோங் பஸ் நிலையத்துக்கு வந்தேன். நீ இறங்கி நடந்ததைப் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை. எனக்கு வாய் வராதது உனக்கு அதிசயமாக இருக்கும். பிளாஸ்டிக் பையில் ரொட்டி வைத்திருந்தாய். இளைத்துவிட்டாய்.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறது. என்ன ஆனாலும் எழுது. வேலை நின்றால் நான் காரணம் என்று நேராகவே எழுது. நீ திட்ட வேண்டும், பிலோமி. அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

சிலுவைராஜ்


பூன் லே
1 அக்டோபர் 1988, சனி

அன்புள்ள அண்ணனுக்கு,

வேலை நின்றுவிட்டது.

புரோகிராமை முடித்தேன். புதன்கிழமை ஓடியது. எழுபத்து நாலு வரி. பெட்டி இல்லை, நிறம் இல்லை. ஃபைலைத் திறக்கிறது, படிக்கிறது, பட்டியலை அச்சடிக்கிறது, முடிகிறது. சுந்தரம் சார் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இதாம்மா சி. இப்ப எங்க கொண்டு போனாலும் ஓடும்" என்றார். இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஆகஸ்டில் நாலு பேர் முன்னால் நடந்ததை மேனேஜர் மறக்கவில்லை. நேற்று மாலை கவரைக் கொடுத்தார்கள்.

திங்கள்கிழமை ஃபாக்டரிக்குப் போகிறேன். ஆமினா பீவி லைன் சூப்பர்வைசரிடம் பேசியிருக்கிறாள். பழைய மேசையில் வேறு பெண் இருக்கிறாள், எனக்குக் கதவோரம்.

திட்டச் சொன்னீர்கள். நேற்று பஸ்ஸில் வரும்போது கோபம் வந்தது. முதல் தடவையாக வந்தது. வேலை போனதற்கு இல்லை. கேக் வாங்கிக்கொண்டு வந்தீர்களே, அதற்கு. அதை நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். ஃபாக்டரியில் எழுதிக் கொடுத்தது அதற்கு மறுநாள். பஸ்ஸிலேயே எழுந்து கத்தலாம் போல இருந்தது. கிளமெண்டி தாண்டுவதற்குள் அது போய்விட்டது. இப்போது மறுபடி ஒன்றும் இல்லை. உங்களுக்கு எழுத வேறு எதுவும் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வராதீர்கள். எப்போது வரலாம் என்று நானே எழுதுகிறேன்.

இதோடு பதினொரு தாள் வைத்திருக்கிறேன். சுந்தரம் சாரின் புத்தகத்தை ஆபீசுக்கு வெளியே கொண்டுவர முடியாது. அதனால் இந்த இரண்டு வாரமும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கையால் எழுதினேன். நூற்று நாற்பத்திரண்டு வரி. பக்க எண் போட்டிருக்கிறேன். தொண்ணூற்றேழு கட்டளை அந்தக் கம்பைலரில் மட்டும் ஓடும். மற்ற நாற்பத்தைந்து எல்லா இடத்திலும் ஓடும். அந்த நாற்பத்தைந்துக்கு அடியிலும் நீங்கள் பட்டை ஒட்டியிருந்தீர்கள்.

வரிகளுக்கு நடுவே கத்தரி போக இடம் விட்டிருக்கிறேன். வெட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் அந்தப் பட்டைமேலேயே ஒட்டுங்கள். ஏழு பேருக்கும் அதிலிருந்து பிரதி எடுத்துக் கொடுங்கள். அப்துல் காதர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்கும் ஒன்று கொடுங்கள்.

ஒட்டும்போது அவர்கள் அவ்வளவு தூரம் போவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

பிலோமி